வாய்க்குள்ள போட்ட தையல் எப்படி மக்குது, எப்ப விழும், அதுவரைக்கும் எப்படிப் பாத்துக்கணும்

நான் ஒரு பல் கிளினிக்ல டாக்டருக்கு அசிஸ்டென்ட்டா 11 வருஷமா இருக்கேன். கடவாப்பல் ஆபரேஷன்ல நூல் பாக்கெட்டைப் பிரிச்சு டாக்டர் கையில குடுக்குறதும் நான்தான், மறுநாள்ல இருந்து வர்ற போனை எடுக்குறதும் நான்தான். அந்தப் போன்ல பாதி தையலைப் பத்தித்தான் இருக்கும். "அக்கா, தையல் அவுந்துருச்சு", "நூல் ஒன்னு தொங்குது, நானே கத்தரிச்சு விட்டுரவா", "இட்லியோட முழுங்கிட்டேன், வயித்துல போய் சிக்கிக்குமா", "கரைஞ்சுரும்னு சொன்னீங்க, 15 நாளாச்சு, இன்னும் அப்படியே இருக்கே". எல்லாருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி இப்ப ஒரே இடத்துல எழுதி வச்சுரலாம்னு உக்காந்துட்டேன். விஸ்டம் டூத், ஞானப்பல், கடைசிக் கடவாப்பல்னு எப்படிச் சொன்னாலும் சரி, அதை எடுத்துட்டு தையல் போட்டுக்கிட்டவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன், ஏன்னா எங்க கிளினிக்குக்கு அதிகமா வர்றது அவங்கதான். ஈறு ஆபரேஷன், இம்ப்ளான்ட், கட்டி எடுத்தது இதுக்கெல்லாமும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல அந்த "கரையுற தையல்"ங்கற பேருதான் எல்லாரையும் குழப்புது. கரையும்னு சொன்னதும் கல்கண்டு வாயில கரையுற மாதிரி நாளுக்கு நாள் மெலிஞ்சு ஒருநாள் காணாமப் போயிரும்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி நடக்காது. அது மக்குது. கிணத்துக் கயிறு நினைப்பு இருக்கா? வருஷக்கணக்கா தண்ணியில நனைஞ்ச கயிறு பாக்கறதுக்கு முன்ன மாதிரியே அதே பருமன்ல அப்படியேதான் தொங்கும், ஆனா வாளியைக் கட்டி இழுத்தா பொட்டுனு அந்துரும். தையல் நூலும் அதே மாதிரிதான், பலம் முதல்ல போகும், நூல் அப்புறம்தான் போகும். இந்த ரெண்டுக்கும் நடுவுல சில வாரம் இடைவெளி இருக்கு, சில நூலுக்கு ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். இது ஒன்னு புரிஞ்சுட்டா பாதிப் பயம் போயிரும். 12-ஆம் நாள் கண்ணாடியில பாக்கும்போது நூல் இருக்கேன்னு கவலைப்பட வேண்டாம், 8-ஆம் நாள் விழுந்துருச்சேன்னும் பதற வேண்டாம், ஏன்னா ஈறைச் சேத்துப் புடிச்சுக்கிற வேலை முதல் வாரத்துலயே முக்கால்வாசி முடிஞ்சுருது.

சரி, இப்ப முதல் வேலை. தையல் போட்டுட்டு அந்தச் சேர்ல இருந்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "டாக்டர், இது என்ன நூலு, நான் பிரிக்க வரணுமா, தானா போயிருமா?" பதிலை அந்த மருந்துச் சீட்டுலயே எழுதித் தரச் சொல்லுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. வாய் மரத்து இருக்கும், பஞ்சைக் கடிச்சுட்டு இருப்பீங்க, பேச முடியாதுதான், அதனால கூட வந்தவங்களைக் கேக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு தடவை ஒரு அம்மா வேற எங்கயோ பல் எடுத்துட்டு தையல் போட்டுக்கிட்டு வந்தாங்க, 24 நாள் ஆயிருந்துச்சு, கரைஞ்சுரும்னு யாரோ சொல்லிட்டாங்கன்னு வீட்டுல காத்துட்டே இருந்திருக்காங்க. பாத்தா கறுப்பு சில்க் நூல். ஈறு அது மேல வளந்து பாதி மூடிருச்சு, சுத்தி செவந்து போயி, தொட்டாலே ரத்தம். ஒரு நிமிஷத்துல வலியில்லாம முடிய வேண்டிய வேலைக்கு அவங்களுக்கு மறுபடியும் மரக்குற ஊசி போட வேண்டியதாப் போச்சு. ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா அந்த மூணு வாரக் கஷ்டம் அவங்களுக்கு வந்திருக்காது.

நூல் வகைன்னு பாத்தா நிறைய இருக்கு, ஆனா நம்ம ஊர் பல் கிளினிக்ல நீங்க சந்திக்கப் போறது நாலஞ்சுதான்.

அதிகமாப் போடறது சில்க். நிஜப் பட்டுதான், பட்டுப்புழு நூலேதான், கறுப்புச் சாயம் ஏத்தி, மெல்லிசு மெல்லிசான இழைகளைப் பின்னி, மேல மெழுகோ சிலிக்கோனோ பூசி வரும். மெர்சில்க்னு பாக்கெட்டுல பாத்திருப்பீங்க. விலை கம்மி, முடிச்சு நல்லா நிக்கும், நுனி மெத்துனு இருக்கறதுனால நாக்குலயும் கன்னத்துலயும் குத்தாது, அதனாலதான் டாக்டருங்களுக்குப் புடிக்கும். ஆனா இது கரையுற தையல் கிடையாது. உடம்புக்குள்ள புதைச்சு வச்சா ரொம்ப மெதுவா, வருஷக்கணக்குல உடைஞ்சு போகும்ங்கறது உண்மைதான், ஏன்னா அதுவும் ஒரு புரோட்டீன்தான், ஆனா வாய்க்குள்ள அதுவரைக்கும் விட்டு வைக்க முடியாது. காரணம் அந்தப் பின்னல். அகல்விளக்குத் திரி எப்படி எண்ணெயை உறிஞ்சி மேல ஏத்துது, அதே மாதிரி பின்னல் நூல் எச்சியை உறிஞ்சி, எச்சியோட கிருமியையும் சேத்து ஈறுக்குள்ள இழுத்துட்டுப் போகும். ஒரு வாரத்துக்கு மேல விட்டா நூலைச் சுத்தி வெள்ளையா அழுக்கு படிஞ்சு வாடை வரும், ஈறு செவந்துரும். அதனால சில்க் போட்டா பொதுவா 7-ஆம் நாள், சிலருக்கு 5-ல இருந்து 10 நாளுக்குள்ள பிரிச்சே ஆகணும். எங்க டாக்டர் சொல்ற கணக்கு ஒரு வாரம்.

அடுத்தது கேட்கட். பேருல கேட் இருந்தாலும் பூனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆடு மாடோட குடல்ல இருந்து எடுக்குற கொலாஜன்ங்கற புரோட்டீன்ல ஆன நூல் அது. 19-ஆம் நூற்றாண்டுல ஜோசப் லிஸ்டர்ங்கற டாக்டர் இதைக் கிருமி இல்லாம தயார் பண்ணி உள்தையலுக்குப் பயன்படுத்துனாரு. ஐரோப்பாவுலயும் ஜப்பான்லயும் மாட்டு மூளை நோய் பயத்துனால இப்ப இதை விட்டுட்டாங்க, நம்ம ஊர்ல இன்னும் போடறாங்க. இதுல சாதா ஒன்னு, குரோமிக்னு ஒன்னு. ரெண்டும் கொஞ்சம் ஈரமா ஆல்கஹால் கலந்த திரவத்துலயே பாக்கெட்டுக்குள்ள வரும், பிரிச்சு வெளிய எடுத்து வச்சுட்டா காஞ்சு கம்பி மாதிரி வெறைச்சுக்கும், அதனால டாக்டர் கையை நீட்டுறப்பதான் பிரிப்பேன். உடம்பு இதை ஒரு இறைச்சித் துண்டு மாதிரிதான் பாக்குது. காயத்துக்கு வர்ற வெள்ளை அணுக்கள் என்சைம் விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாச் செரிச்சுரும், எச்சியில இருக்கற கிருமிங்க விடற என்சைமும் சேந்துக்கும். சாதா கேட்கட் வாய்க்குள்ள 3-லிருந்து 5 நாள்ல பலம் போயி அவுந்துரும். குரோமிக்ங்கறது குரோமியம் உப்புல பதப்படுத்துனது, தோல் பதனிடறாங்கள்ல அதே யோசனைதான், பதப்படுத்துன கொலாஜனை என்சைம் சீக்கிரம் கடிக்க முடியாது, அதனால 7-லிருந்து 10 நாள் தாங்கும்.

இதுல ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். கேட்கட்டை உடைக்கறது என்சைம்ங்கறதுனால, காயத்துல இன்பெக்ஷன் வந்து வீங்கிப் போச்சுன்னா அங்க என்சைமும் ஜாஸ்தி, நூலும் சீக்கிரமே போயிரும். குரோமிக் போட்ட ஆளுக்கு 3-ஆம் நாளே எல்லாம் அவுந்துருச்சு, கூடவே வலி ஏறுது, வாய் நாத்தம் அடிக்குதுன்னா நூலைக் குறை சொல்லிட்டு விட்றக் கூடாது, போன் பண்ணிட்டு வந்துரணும்.

மாமிசம் தொடாதவங்க, மாட்டிறைச்சி சம்பந்தப்பட்டது உடம்புக்குள்ள வேண்டாம்னு நினைக்கிறவங்க, இதை முன்னாடியே வாயத் தொறந்து சொல்லிருங்க. சில்க்கும் புழுகிட்ட இருந்து வர்றதுதான். வேற நூல் தாராளமா இருக்கு, டாக்டர் ஒன்னும் தப்பா நினைச்சுக்க மாட்டாரு.

அந்த வேற நூல்தான் விக்ரில் குடும்பம். இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், மொத மொத டாக்டர் விளக்கினப்ப அசந்து போயிட்டேன். 1970 வாக்குல டெக்ஸான்னு பாலிகிளைகாலிக் ஆசிட்ல செஞ்ச நூல் வந்துச்சு, அதுதான் செயற்கையாச் செஞ்ச முதல் கரையுற நூல். அதுக்கப்புறம் 1974-ல விக்ரில், அதோட ரசாயனப் பேரு பாலிகிளாக்டின் 910. இதுல 90 பங்கு கிளைகோலைடு, 10 பங்கு லாக்டைடு. சின்னச் சின்ன கண்ணியைக் கோத்துச் சங்கிலி செய்யற மாதிரி இந்த ரெண்டையும் கோத்து நீளமான சங்கிலியாக்கி நூல் இழுத்திருக்காங்க. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவுல இருக்கற பிணைப்பு எப்படிப்பட்டதுன்னா தண்ணி பட்டா உடையும். என்சைம் வேணாம், கிருமி வேணாம், வெறும் தண்ணி போதும். நூல் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச சங்கிலி அங்க ஒன்னு இங்க ஒன்னுன்னு அந்துட்டே வரும், நீளச் சங்கிலி துண்டு துண்டாகும், பலம் குறையும், ஆனா நூல் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும், கடைசியில துண்டுங்க ரொம்பச் சின்னதானதும்தான் நூலே உதிரும். கடைசியா மிச்சம் வர்றது கிளைகாலிக் ஆசிடும் லாக்டிக் ஆசிடும், லாக்டிக் ஆசிட்னா தயிர்ல புளிப்பு குடுக்குதே அதுதான், நம்ம சதையிலயும் தினமும் உண்டாகறதுதான். உடம்பு அதையெல்லாம் எரிச்சு கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் வெளியேத்திரும்.

கணக்கு சொல்லணும்னா, சாதாரண விக்ரில் உடம்புக்குள்ள 2 வாரத்துல முக்கால் பலத்தோட இருக்கும், 3 வாரத்துல பாதி, 4 வாரத்துல கால்வாசி, முழுசா மறையறதுக்கு 56-ல இருந்து 70 நாள். வாய்க்கு இது கொஞ்சம் நீளம்தான், வாய்க்குள்ள 2-லிருந்து 4 வாரம் வரைக்கும் நூல் தட்டுப்படும், சிலர் எரிச்சலாயி வந்து எடுத்துவிடச் சொல்லுவாங்க, எடுத்துக்கலாம், தப்பே இல்ல. இதுக்காகத்தான் விக்ரில் ரேப்பிட்னு ஒன்னு வந்துச்சு. அதே நூலுக்கு காமா கதிர் காட்டி முன்கூட்டியே சங்கிலியைச் சின்னது பண்ணி அனுப்பறாங்க, அதனால 5-ஆம் நாளே பலம் பாதியாயிரும், 10-லிருந்து 14 நாள்ல பலமே இருக்காது, முடிச்சு தானா கழண்டு வாயில வந்துரும். இது கொஞ்சம் விலை ஜாஸ்தி, ஆனா வெளியூர்ல இருந்து வந்து பிரிக்கத் திரும்ப வர முடியாதவங்களுக்கும், வாயைத் தொறந்து காட்டவே பயப்படற குழந்தைகளுக்கும் அந்தக் காசு பெரிசில்லன்னு எனக்குத் தோணும்.

மோனோகிரில்னு கரையுற ஒத்தை இழை நூல் ஒன்னு இருக்கு, பின்னல் இல்லாததுனால திரி மாதிரி உறிஞ்சாது, சுத்தமா இருக்கும், ஆனா நுனி கொஞ்சம் வெறைப்பா கன்னத்துல உரசும். ஆனா நைலான், புரோலீன், பிடிஎஃப்இ, இந்த மூணும் கரையவே கரையாது, இம்ப்ளான்ட் வச்சு எலும்புப் பவுடர் போட்ட இடத்துல பெரும்பாலும் இந்த மாதிரிதான் போடுவாங்க, டாக்டர் சொன்ன தேதியில, பொதுவா 10-லிருந்து 14 நாள், சில சமயம் இன்னும் தள்ளி, பிரிக்கணும்.

நூல் நிறத்தை வச்சு வீட்டுல கண்டுபிடிக்க முடியுமான்னு கேப்பாங்க. கறுப்புன்னா சில்க்கா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஊதான்னா விக்ரில்னு நினைக்கலாம், ஆனா நைலான்லயும் கறுப்பு இருக்கு, விக்ரில்லயும் வெள்ளை இருக்கு, அதனால நிறத்தை நம்பி முடிவு பண்ணாதீங்க, போன் போட்டுக் கேட்டுருங்க. 3-0, 4-0னு சீட்டுல எழுதியிருந்தா அது பருமன் கணக்கு, முன்னாடி இருக்கற நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. கடவாப்பல்லுக்கு பெரும்பாலும் 3-0, அது கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு மில்லிமீட்டர்தான்.

பாக்கெட்டுல போட்ட நாள் கணக்கும் வாய்க்குள்ள நடக்கறதும் ஏன் ஒத்துப் போறதில்லன்னா, பாக்கெட்டுல இருக்கற கணக்கு சதைக்குள்ள புதைஞ்ச நூலுக்கு. வாயில நூல் பாதி உள்ள, பாதி வெளிய. வெளிய இருக்கற முடிச்சு ராத்திரி பகல் எச்சியில ஊறுது, ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சி சுரக்குது. அதுக்கு மேல நாக்கு வேற சும்மா இருக்காது, போய்ப் போய்த் தட்டிப் பாக்கும், சோறு உரசும், கன்னம் உரசும். இன்னொன்னு, ஆபரேஷன் ஆன முதல் 2, 3 நாள் வீக்கம் ஏறிட்டே போகும், அப்ப தையல் இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும், அப்புறம் வீக்கம் வடியும்போது அதே தையல் தொளதொளன்னு ஆகும். நூல் ஒன்னும் ஆயிருக்காது, அதுக்குள்ள இருந்த ஈறு சின்னதாயிருச்சு, அவ்வளவுதான். "4-ஆம் நாள் தையல் லூசாயிருச்சு"ன்னு வர்ற போனுக்கு ரொம்ப நேரம் காரணம் இதுதான்.

இனிமே நாள் வாரியா என்ன பண்றதுன்னு சொல்றேன்.

முதல் நாள் தையலைப் பத்தி யோசிக்காதீங்க, ரத்தக்கட்டியைப் பத்தி மட்டும் யோசிங்க. பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி நிக்குது பாருங்க, அதுதான் நிஜமான மருந்து, தையல் அதுக்குக் காவல். வச்ச பஞ்சை 30-லிருந்து 45 நிமிஷம் அழுத்திக் கடிங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. துப்பவே கூடாது, எச்சியை முழுங்கிருங்க, நம்ம ஆளுங்களுக்கு இதுதான் கஷ்டம், ரத்தம் கலந்த எச்சியை முழுங்க அருவருப்பா இருக்கும், ஆனா காறித் துப்புனா கட்டி பிடுங்கிட்டு வந்துரும். ஸ்ட்ரா போட்டு இளநி, ஜூஸ் உறிஞ்சறதும் அதே கதைதான், டம்ளர்ல ஊத்திக் குடிங்க. வெளிக்கன்னத்துல ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி 20 நிமிஷம் வைங்க, 20 நிமிஷம் எடுத்துருங்க, இப்படியே மாத்தி மாத்தி. சூடா காபி டீ வேணாம், ஆறுனது குடிக்கலாம். சிகரெட், பீடி, வெத்தல பாக்கு, ஹான்ஸ் எதுவுமே கூடாது, முதல் நாள் மட்டும் இல்ல, குறைஞ்சது ஒரு வாரம். புகை ரத்த ஓட்டத்தைக் குறைச்சுரும், உறிஞ்சற இழுப்பு கட்டியை அசைக்கும், பாக்குத் துண்டு நேரா தையலுக்குள்ள போய் மாட்டிக்கும், இதுல எது நடந்தாலும் அவஸ்தை உங்களுக்குத்தான்.

24 மணி நேரம் கழிச்சு உப்புத்தண்ணி. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பின்னாடி ஒவ்வொரு தடவையும். கொப்புளிக்கிறதுன்னா நம்ம வழக்கமா கொடகொடன்னு பண்ணிப் பளிச்சுனு துப்பறது கிடையாது, வாயில வச்சுக்கிட்டு தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சு, அப்புறம் வாஷ்பேசின்ல குனிஞ்சு வாயைத் தொறந்து தானா விழ விடணும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் குடுத்திருந்தா பல் விளக்கின உடனே போடாதீங்க, பேஸ்ட்ல இருக்கற நுரை சமாசாரம் அந்த மருந்தோட வேலையைக் கெடுத்துரும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்க. மத்த பல்லையெல்லாம் மெத்துனு இருக்கற பிரஷ்ல தினமும் விளக்கணும், தையல் இருக்கேன்னு பயந்து ஒரு வாரம் பல்லே விளக்காம வர்றவங்க இருக்காங்க, அப்படி விட்டாத்தான் அழுக்கு சேந்து நூலைச் சுத்தி ஈறு கெட்டுப் போகுது. தையல் பக்கம் மட்டும் முதல் 2, 3 நாள் பிரஷ் படாம பாத்துக்கோங்க, அப்புறம் பக்கத்துப் பல் வரைக்கும் மெதுவா போகலாம்.

சாப்பாட்டுல நான் எல்லாருகிட்டயும் சொல்ற ஒன்னு, தாளிக்காதீங்க. தயிர் சாதம் நல்லதுதான், ஆனா அதுல இருக்கற கடுகும் கறிவேப்பிலையும்தான் வில்லங்கம், ஒரே ஒரு கடுகு குழிக்குள்ள போயி நூலுக்கு அடியில உக்காந்துச்சுன்னா ரெண்டு நாள் உயிர எடுக்கும். குழைய வடிச்ச சோத்துல மோர் ஊத்திப் பிசைஞ்சு, ஆறின கேழ்வரகுக் கூழ், பாலுல ஊறவச்ச இட்லி, மசிச்ச வாழைப்பழம், நல்லா வெந்த பருப்பு, இந்த மாதிரி. ரவை உப்புமா பாக்க மெத்துனு இருந்தாலும் குருணை குருணையா போய் ஒட்டிக்கும், வேணாம். முறுக்கு, கடலை, அப்பளம், மாதுளை, தோலோட கொய்யா இதெல்லாம் ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க. காரமும் குறைச்சுக்கோங்க, காரம் நூலை ஒன்னும் பண்ணாது, ஆனா பச்சைப் புண்ணுல பட்டா கண்ணுல தண்ணி வரும்.

2-ஆம் நாள் 3-ஆம் நாள் கண்ணாடியில பாத்துட்டு "சீழ் வச்சுருச்சு"ன்னு பதறுவாங்க. வாய்க்குள்ள எப்பவும் ஈரம், அதனால கைல கால்ல காயம்பட்டா கட்டுமே அந்த மாதிரி பொருக்கு கட்டாது, அதுக்குப் பதிலா வெள்ளையாவோ மஞ்சளாவோ ஒரு படலம் வரும். அது ஆறிட்டு இருக்கறதோட அடையாளம், சுரண்டாதீங்க, பட்ஸ் வச்சுத் தேய்க்காதீங்க. சீழ்னா தானா வழியும், கெட்ட ருசி வரும், கூடவே வீக்கம் ஏறும், காய்ச்சலும் வரலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

நூல் தொங்கினா என்ன பண்றது? தொடாம விடுங்க. இழுக்கறதுல என்ன ஆபத்துன்னா, மேல தெரியற நுனி அவுந்து தொங்குனாலும் கீழ இன்னொரு முடிச்சு ஈறைப் புடிச்சுட்டு இருக்கலாம், பெரும்பாலும் ரெண்டு மூணு தையல் இருக்கும், இழுத்தா நூல் வெண்ணெயை அறுக்கற மாதிரி ஈறை அறுத்துட்டு வந்துரும். ஒரு தம்பி நெகம் வெட்டியை எடுத்து கண்ணாடி முன்னாடி நின்னு கத்தரிக்கப் போயி ஈறையும் சேத்துக் கடிச்சுக்கிட்டு ரத்தத்தோட ஓடி வந்தாரு. ரொம்ப உறுத்துச்சுன்னா கிளினிக்குக்கு வாங்க, நுனியை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் கத்தரிச்சு விட்டா முடிஞ்சுது, நாங்க அதுக்கெல்லாம் காசு வாங்கறதில்ல.

தானா விழுந்துச்சுன்னா எந்த நாள்ல விழுந்துச்சுங்கறதுதான் கேள்வி. முதல் 2 நாளுக்குள்ள மொத்தமா அவுந்து, காயம் வாயைத் தொறந்துட்டு நிக்குது, இல்ல ரத்தம் வருதுன்னா உடனே காட்டணும். 3-லிருந்து 5 நாளுக்குள்ள ஒன்னு ரெண்டு விழுந்து, வலி ஏறாம ரத்தமும் இல்லாம இருந்தா ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்க, பெரும்பாலும் மறுபடி போட மாட்டாங்க. ஒரு வாரம் தாண்டி விழுந்தா அது அதோட வேலையை முடிச்சுட்டுப் போயிருச்சு. முழுங்கிட்டாலும் ஒன்னும் ஆகாது, ஊசி அதோட இல்ல, வெறும் நூல் துண்டு, நீங்க சாப்பிட்ட கீரை நாரோட சேந்து அதும் வெளிய போயிரும்.

குழி இன்னும் பள்ளமா தெரியுதே, தையல் போயிருச்சேன்னு கேட்டா, தையல் குழியை ரொப்பறதுக்குப் போடறது இல்ல. மேல ஈறு மூடறதுக்கே 3, 4 வாரத்துக்கு மேல ஆகும், உள்ள எலும்பு ரொம்பறதுக்கு மாசக் கணக்குல ஆகும். அதுவரைக்கும் சோறு போய் அடைச்சா டாக்டர் ஊசியில்லாத சிரிஞ்ச் குடுப்பாரு, எப்ப இருந்து பீச்சி அடிக்கலாம்னு அவரே சொல்லுவாரு, நீங்களா முதல் நாள்லயே ஆரம்பிச்சுராதீங்க.

இப்ப எதுக்கெல்லாம் காத்துட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்லிர்றேன். சுத்தமான காஸ் துணியை உருட்டி வச்சு 20, 30 நிமிஷம் அழுத்திக் கடிச்சும் ரத்தம் நிக்கல. 3-ஆம் நாளுக்கு அப்புறமும் வீக்கம் குறையாம ஏறுது. காய்ச்சல் 101 தாண்டுது. வாய் முதல்ல தொறந்த அளவுகூட இப்ப தொறக்கல. 3-ஆம் நாள் வாக்குல திடீர்னு காது வரைக்கும் தெறிக்கிற வலி, வாயில நாத்தம், குழியில ரத்தக்கட்டியைக் காணோம்னா அது டிரை சாக்கெட், மாத்திரையை மட்டும் முழுங்கிட்டு இருந்தா சரிவராது, வந்து கழுவி மருந்து வச்சுக்கணும். உதடோ நாக்கோ மறுநாளும் மரத்தே இருந்தா சொல்லுங்க. எச்சியை முழுங்கவே முடியல, மூச்சு விடக் கஷ்டமா இருக்கு, தாடைக்கு அடியில கழுத்து கல்லு மாதிரி வீங்குதுன்னா எனக்கு போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நடுராத்திரியா இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

சுகர் இருக்கறவங்களுக்குக் காயம் சேர கொஞ்சம் லேட்டாகும், அதனால டாக்டர் கொஞ்ச நாள் கூடத் தாங்கற நூலாப் போடுவாரு, இல்ல பிரிக்கற தேதியைத் தள்ளி வைப்பாரு. சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்னாடியே சொல்லிருங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மேல் கடவாப்பல் எடுக்கும்போது சிலருக்கு மூக்கோட பக்கத்து சைனஸுக்கு ஓட்டை விழுந்து அதை மூடித் தைச்சிருப்பாங்க, அவங்க மட்டும் தையல்ல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தா அடக்காம வாயைத் தொறந்து தும்மணும், அந்தத் தையல் 10-லிருந்து 14 நாள் நின்னாகணும்.

கடைசியா பிரிக்கறது. இதுக்குப் பயந்துதான் நிறையப் பேரு சில்க் நூலோட வீட்டுலயே உக்காந்துருக்காங்க. மரக்குற ஊசியே தேவைப்படாது. முதல்ல அந்த இடத்தை மருந்துல துடைப்போம், டாக்டர் முடிச்சை ட்வீசர்ல லேசாத் தூக்குவாரு, முடிச்சுக்குக் கீழ ஈறை ஒட்டி ஒரே ஒரு பக்கத்தைக் கத்தரிப்பாரு. ரெண்டு பக்கமும் கத்தரிச்சா நடுத்துண்டு உள்ளயே மாட்டிக்கும். ஈறை ஒட்டிக் கத்தரிக்கறது எதுக்குன்னா, வெளிய எச்சியில ஊறி அழுக்கான நூல் ஈறுக்குள்ள பூந்து வரக் கூடாது, உள்ள இருந்த சுத்தமான துண்டுதான் வரணும். அப்புறம் ஒரு இழுப்பு, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், ஒரு தையலுக்கு அஞ்சு செகண்டு. நாங்க எத்தனை போட்டோம்னு சீட்டுல எழுதி வச்சிருப்போம், எடுத்ததை எண்ணிப் பாத்துத்தான் அனுப்புவோம், நீங்களும் கூட எண்ணுங்க. அன்னைக்குக் கொஞ்சம் ரத்தம் கசியும், உப்புத்தண்ணி கொப்புளிச்சா நின்னுரும், அன்னைக்கு மத்தியானமே சோறு சாப்பிடலாம்.